எல்லாக் கொடிகளையும் இறக்கிய ஒரு வரி

பாலாவிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் நாலு பேரில் ஒருத்தி என் மகள். வீட்டில் வாப்பா சொன்னால் அவள் காதில் ஏறாது. எழுத்தில் இருந்தால், அதுவும் நாலு பேருக்கும் பொதுவாக இருந்தால், வாசிப்பாள் என்று நினைக்கிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு எஞ்சினோடு வரும் மின்சார வேலை, பிறகு ஈயப்பற்று, பிறகு கணினிக் கோட் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து கேர்னல் வரை வந்து சேர்ந்தேன். இப்போது கண் ஒத்துழைக்கவில்லை, வீட்டில் இருக்கிறேன். இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். என் கோடில் பிழை இருந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அதை நான் திருத்துவதற்கு முன் ஒரு மனிதர் கடலில் மிதந்துகொண்டிருந்தார்.

நம் பெட்டியின் வேலையை உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். சிறிய படகுகளில் பூட்டுகிறோம். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, படகின் இலக்கத்தையும் அது நிற்கும் இடத்தையும் கரையில் மீனவர் சங்கத்தின் திரைக்கு அனுப்பும். பக்கத்துப் படகுகளின் செய்தியையும் கேட்கும். அதன் உள்ளே, அடி ஆழத்தில் இருந்து எல்லா வேலையையும் நடத்தும் புரோகிராம்தான் கேர்னல். வேறு ஆட்கள் எழுதும் சின்னச் சின்னப் புரோகிராம்களை நாம் அந்தக் கேர்னலுக்குள் ஏற்ற விடுகிறோம். ஒரு குழு காற்றைப் பற்றி எழுதும், இன்னொரு குழு நீரோட்டத்தைப் பற்றி எழுதும். ஆனால் கேர்னலுக்குள் ஒரு தவறு நடந்தால் முழுப் பெட்டியும் விழும். அதனால் வாசலில் ஒருவனை நிறுத்தியிருக்கிறோம். அவனும் கோட்தான். கேட்டுக்காரன் என்று பெயர் வைத்தோம். வரும் புரோகிராமை வரி வரியாகப் படித்து, ஏற்றலாம் அல்லது ஏற்ற முடியாது என்று சொல்வான்.

அவன் ஒவ்வொரு பெறுமதியிடமும் இரண்டு விஷயம் கேட்பான். நீ என்ன வகை? உனக்கு என்னென்ன குணம்? படகின் இலக்கத்தை எடுங்கள். வகை, இலக்கம். புதுப் பெட்டிக்கு இன்னும் இலக்கம் கொடுத்திருக்க மாட்டோம், ஆகவே அது வெறுமையாக இருக்கலாம். அது ஒரு குணம். யாரும் அதை மாற்றக் கூடாது, வாசிக்க மட்டும்தான். அது இன்னொரு குணம்.

முன்பு நாங்கள் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தோம். இலக்கம், வெறுமையாக இருக்கக்கூடிய இலக்கம், வாசிக்க மட்டுமான இலக்கம், இரண்டும் சேர்ந்த இலக்கம். மூன்றாவதாக ஒரு குணம் வந்ததும் நாலு பெயர் எட்டானது. இடத்துக்கு எட்டு, காற்றுக்கு எட்டு. அந்தப் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். அது என் கதிரைக்குப் பின்னால் இறங்கித் தரையைத் தொட்டது.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிலாபம் பக்கத்துப் பெண். வீட்டில் சிங்களம், எங்களோடு நல்ல தமிழ். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆகவே மிஸ் என்றே எழுதுகிறேன். அவர் என்னை நானா, அண்ணன், என்றே கூப்பிடுவார். ஒரு நாள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நானா, ஒரு போட்டில புதுக் கொடி ஏத்த வேணுமெண்டா புதுப் போட்டா கட்டுவீங்க?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கியது. ஒரு எண்ணின் கீழ்ப்பக்கப் பிட்டுகளில் வகையை மட்டும் வைப்பது. மேல்பக்கத்தில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பிட், ஒரு கொடி. ஏறியிருந்தால் ஒன்று, இறங்கியிருந்தால் பூச்சியம். எந்த வகையிலும் எந்தக் கொடியையும், எத்தனையையும் சேர்த்து ஏற்றலாம். புதிய குணம் வந்தால் புதிய கொடி ஒன்று, அவ்வளவுதான். நானே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். சுவரில் இருந்த பட்டியலைக் கழற்றினேன். சோதனைகள் எல்லாம் பாஸ்.

சில நாளில் காற்றுப் புரோகிராம் எழுதும் குழுவிடமிருந்து போன் வந்தது. "நானா, ஒங்கட புது மாத்தம் நல்ல வேல! மூணு தரம் எங்கட புரோகிராமத் திருப்பி அனுப்பின கேட்டுக்காரன், இப்ப ஒரே தரத்தில உள்ளுக்கு விட்டுட்டான்."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அன்று பட்டறைக்கே நான்தான் வடை வாங்கினேன்.

அந்த வடையை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு காலை, மிஸ்ஸும் நானும் கற்பிட்டிப் பக்கத்தில் இருக்கும் கண்டக்குழிக்குப் போயிருந்தோம். அங்கே கொஞ்சப் படகுகளுக்குப் பெட்டி பூட்டியாகிவிட்டது. மற்றப் படகுகளுக்கும் பூட்டுவதா என்று வெள்ளிக்கிழமை சங்கம் கூடி முடிவெடுக்க இருந்தது. சங்கக் கட்டடத்தில் திரைக்குக் கீழே நாங்கள் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ரீட்டா சங்கத் தலைவரைத் தேடி வந்தார். அவருடைய கணவர் சேவியரின் படகு இருபத்தேழாம் இலக்கம்.

"தலைவர், அவர் ஒம்பது மணிக்கெல்லாம் ஏலத்துக்கு வந்துருவார். இப்ப பதினொண்டு. போனும் வேல செய்யுதில்ல."

வெளியே வாடைக் காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. வாடை எங்கள் கரையில் தரையிலிருந்து கடலுக்கு அடிப்பது. எஞ்சின் நின்ற படகைக் கரைக்குக் கொண்டு வராது, வெளியேதான் தள்ளும். இது ரீட்டாவுக்குத் தெரியும், அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டு படகுக்காரர் ஏற்கெனவே தேடிப் போக மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தலைவர் திரையை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தா இரிக்கான் ரீட்டா! இருபத்தேழு, மாம்புரிக் கரையில. அசையவே இல்ல. நித்திர போல."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்திருப்பான்," என்றார் வாசலில் நின்ற ஒருவர்.

"மாம்புரியில அவருக்கு ஆரு தேத்தண்ணி குடுக்கிற?"

"அத நீதான் அவனுட்டக் கேக்கோணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றியவர்கள் கலனை மூடினார்கள். ரீட்டா சிரிக்கவில்லை.

"சிரிங்க. விடிய எடுத்த மீனோட, ஐஸும் இல்லாம, மாம்புரியில என்னத்துக்குப் படுக்கிறார்? மீன் நாறட்டும் எண்டா?"

தலைவர் மறுபடி திரையையே காட்டினார். திரை சொல்லிவிட்டதே. என் பெட்டி, என் கேட்டுக்காரன், அவர்கள் அதை நம்புகிறார்கள். நான் வயரைக் கையில் பிடித்தபடி நின்றேன். அப்போதுதான் அந்தப் போன் ஞாபகம் வந்தது. மூன்று தரம் மறுத்தவன் நாலாம் தரம் ஏன் சம்மதித்தான்? அவர்கள் தங்கள் புரோகிராமில் எதையாவது திருத்தினோம் என்று சொன்னார்களா? இல்லை. மாற்றியது நான். அப்படியென்றால் திருந்தியது புரோகிராம் அல்ல, கேட்டுக்காரன்தான் கெட்டுப்போயிருக்கிறான்.

மிஸ்ஸின் லெப்டொப்பை வாங்கித் திறந்து, நான் எழுதிய இடத்துக்குப் போனேன்.

ஒரு புரோகிராம், "இலக்கம் வெறுமையா?" என்று பார்த்து, இல்லை என்று அறிந்தபின், அதன் பிறகு வரும் வரிகளில் "வெறுமையாக இருக்கலாம்" என்ற கொடி தேவையில்லை. கேட்டுக்காரன் அந்த ஒரு கொடியை மட்டும் இறக்க வேண்டும். நான் அங்கே என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? கொடியை இறக்கு என்று அல்ல, வெறும் வகையை மட்டும் எடுத்துக்கொள் என்று. அந்த வரி எல்லாக் கொடிகளையும் இறக்கியது. "வாசிக்க மட்டும்" என்ற கொடியும் சேர்ந்து விழுந்தது. வெறுமையா என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அதன் பிறகு படகின் இலக்கத்தை யாரும் மாற்றி எழுதலாம்.

காற்றுப் புரோகிராம் அதைத்தான் செய்தது. கெட்ட எண்ணத்தில் அல்ல. பக்கத்துப் படகின் காற்றோடு ஒப்பிடுவதற்காக, அந்தப் படகின் இலக்கத்தைத் தற்காலிகமாக வைக்க ஒரு இடம் தேடி, தன் இலக்கம் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டது. கேட்டுக்காரன் முன்பு மூன்று தரம் மறுத்தது இதற்காகத்தான்.

"மிஸ், காலையில இருபத்தேழுக்குப் பக்கத்தில நிண்டது ஆரு?"

அவர் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தார். "பதினாலு. விடிய ரெண்டும் பக்கத்தில பக்கத்தில." பிறகு என் முகத்தைப் பார்த்தார். பதறினால் அவருக்குச் சிங்களம்தான் முதலில் வரும். "அனே நானா, ரெண்டும் மாறிட்டுதா?"

ஒன்றின் இலக்கத்தை மற்றது எடுத்துக்கொண்டிருந்தது. மாம்புரிக் கரையில் அசையாமல் நிற்பது பதினாலாக இருக்கலாம். அப்படியென்றால் திரையில் பதினாலு என்று தெரிவதுதான் சேவியர். அது கரையிலிருந்து வெகு தூரத்தில், மெல்ல மெல்ல இன்னும் வெளியே போய்க்கொண்டிருந்தது. பதினாலின் சொந்தக்காரரைத் தேடி யாரும் வரவில்லை, ஆகவே அந்தப் புள்ளியை யாரும் பார்க்கவுமில்லை.

இதை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நேரம் எனக்கு முதலில் வந்த நினைப்பு சேவியர் அல்ல. யாருக்கும் தெரியாமல் அந்த வரியைத் திருத்திவிடலாம் என்பதுதான். ஒரே வரி. திருத்தி அனுப்பினால் பெட்டிகள் எல்லாம் மறுபடி தொடங்கும், இலக்கங்கள் தம் இடத்துக்குப் போகும், திரை உண்மையைச் சொல்லும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். என் விரல்கள் எழுதத் தொடங்கிவிட்டன.

மிஸ் லெப்டொப்பின் மூடியில் கை வைத்தார்.

"திருத்தாதீங்க நானா."

"ஒரு நிமிசம் மிஸ். ஒரே வரி."

"பெட்டி திரும்பத் தொடங்கோணும். அந்த மனுசன்ட பற்றரி எந்த நிலையில இரிக்கிது எண்டு தெரியுமா? நிண்டுட்டு எழும்பாட்டி? இப்ப அது பொய்ப் பேர்ல எண்டாலும் கதைச்சிட்டு இரிக்கிது. அந்தப் பொய்தான் எங்களுக்கு இரிக்கிற ஒரே வழி."

நான் கையை எடுத்தேன்.

முதலில் பதினாலின் சொந்தக்காரர் ஸுபைருக்குப் போன் எடுத்தேன். மாம்புரிக்காரர், எனக்குத் தெரிந்தவர்.

"ஸுபைர், எங்க நிக்கிறீங்க?"

"வீட்டில நானா. சோறு தின்றன். ஏன்?"

"போட் எங்க?"

"முன்னால கரையிலதான். அதுக்கு மேல கோழி ஒண்டு ஏறி நிக்கிது. வேணுமெண்டா அதுக்கிட்டயும் கதைக்கிறீங்களா?"

திரையில் பதினாலு நடுக்கடலில் நின்றது. கோழி கரையில் நின்றது. நான் போனை வைத்துவிட்டுத் தலைவரிடம் போனேன்.

"தலைவர், மாம்புரியில நிக்கிறது சேவியர் இல்ல. ஸுபைர்ட போட். ஸ்கிரீன்ல பதினாலு எண்டு காட்டுற இடத்திலதான் சேவியர் இரிக்கோணும்."

"அப்ப ஸ்கிரீன் பொய் சொல்லுதா?"

"ஓம். நான் எழுதின பிழையால பொய் சொல்லுது."

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளிக்கிழம கூட்டத்தில இத எப்பிடிச் சொல்றது?"

"இப்ப சொன்ன மாதிரித்தான்."

மண்ணெண்ணெய்க் கலன்கள் மறுபடி திறந்தன. யாரும் இப்போது சிரிக்கவில்லை. மிஸ் பதினாலின் இடத்தைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். ரீட்டா என்னிடம் வந்து, "நிச்சயமா நானா?" என்று கேட்டார்.

"அவர் அங்க இரிக்கார் எண்டது முழு நிச்சயமில்ல தங்கச்சி. மாம்புரியில இல்ல எண்டது நிச்சயம்."

அவர் தலையாட்டினார். அந்தப் பதிலுக்கு அவர் என்னை ஏசியிருந்தாலும் நியாயம்தான். ஏசவில்லை. படகுகள் போன பிறகு திரைக்கு முன்னால் நின்று, பதினாலாம் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். நானும் நின்றேன். பெட்டி செய்தி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். தொழுகைக்குப் போய் வந்து மறுபடி நின்றேன். அந்தப் பற்றரிக்காகத்தான் அன்று துஆக் கேட்டேன்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன் தலைவரின் போன் அடித்தது. அவர் சத்தத்தைக் கூட்டி எல்லோருக்கும் கேட்க வைத்தார்.

"ஆள் இரிக்கான்! எஞ்சின்ட விசிறியில வல சுத்திட்டு. தண்ணி குடிச்சிட்டு எங்களத்தான் ஏசுறான், ஏன் இவ்வளவு சொணக்கம் எண்டு."

ரீட்டா அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தார். அவ்வளவு நேரமும் அவர் உட்காரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

சேவியர் கரையில் இறங்கியதும் கதை அவர் காதுக்குப் போய்விட்டது. "ஆரு என்ன மாம்புரிக்கு அனுப்பினது?" என்றார். நான் கையை உயர்த்தினேன். மேலும் கீழும் பார்த்தார். "அடுத்த தரம் அனுப்பினா, சோத்தையும் கட்டி அனுப்புங்க," என்றார்.

திரும்பும் வழியில் மிஸ் கேட்டார், "நானா, ஏன் அந்த வரிய அப்பிடி எழுதினீங்க?" கோபமாக அல்ல, அறிந்துகொள்ளத்தான். காரணம் என் பழைய எஞ்சின் கொட்டில். அங்கே திருத்த வரும் ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு கம்பியில் அட்டைகள் கோத்துத் தொங்கவிடுவோம். "எண்ணெய் ஒழுகுது", "ஸ்டார்ட் பண்ணாதே", "சொந்தக்காரரைக் கேள்" என்று. வேலை முடிந்தால் கம்பியோடு முழுவதையும் இழுத்து ஆணியில் மாட்டிவிடுவோம். இருபது வருடம் செய்த கை அது. ஒன்றைப் பார்த்து முடித்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் கை. கோட் எழுதும்போதும் அதையே செய்துவிட்டது.

மிஸ் சிரித்தார். "அப்ப அந்தக் கொட்டில்ல எத்தின எஞ்சின் ஒழுகி இரிக்கிது நானா?" "கேட்க வேணாம் மிஸ்," என்றேன்.

பிள்ளைகளே, சேர்த்து ஏற்றக்கூடிய ஒன்றைச் செய்தால், சேர்த்து ஏற்றித்தான் சோதிக்க வேண்டும். எங்கள் சோதனைகளில் ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு கொடிதான் ஏறியிருந்தது. ஒரு கொடி மட்டும் இருக்கும் இடத்தில், ஒன்றை இறக்கினாலும் எல்லாவற்றையும் இறக்கினாலும் விடை ஒன்றுதான். அதனால்தான் எல்லாம் பாஸ். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தது படகின் இலக்கத்தில் மட்டும். அதற்குச் சோதனை எழுத யாருக்கும் தோன்றவில்லை. இன்னொன்று, உங்கள் கேட்டுக்காரன் நேற்று வரை மறுத்ததை இன்று ஏற்றால், வடை வாங்கப் போகாதீர்கள். முதலில் அவனைப் போய்ப் பாருங்கள்.

அன்று மாலையே சேவியரின் பெட்டி கரையில் இருக்கும்போது வரியைத் திருத்தினேன். பெயர் சொன்ன கொடியை மட்டும் இறக்கும்படி. மற்றப் பெட்டிகளுக்கும் படகுகள் கரைக்கு வந்த பிறகுதான் அனுப்பினோம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். நீண்ட நேரம் கதைத்தார்கள். முடிவைத் தள்ளி வைத்தார்கள். சேவியர் தன் பெட்டியையே கழற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒரு காலை, பாலாவியில் பட்டறை வாசலில் ரீட்டா நின்றார். கையில் சொப்பிங் பேக். உள்ளே அந்தப் பெட்டி. மேசையில் வைத்தார்.

"நானா, இது இன்னொருக்காப் பொய் சொல்லுமா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "இந்தப் பிழையால சொல்லாது. வேற பிழை இரிக்கிதா எண்டு தெரியாது. இரிக்கிதா எண்டு தேடிட்டுத்தான் இரிக்கிறன்."

"தெரியாட்டி, தெரியாது எண்டு அது சொல்லுமா?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. படகின் இலக்கம் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம், மாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் கொடி வைத்தோம். "இது சரியா என்று எனக்கு நிச்சயமில்லை" என்பதற்கு ஒரு கொடி வைக்கவில்லை.

ரீட்டாவுக்குக் கதிரை போட்டு, குடிக்கப் பிளேன்டி கொடுத்து, அவர் முன்னாலேயே செய்தேன். பழைய முறையாக இருந்தால் அந்த நீளப் பட்டியல் இன்னொரு மடங்கு பெருகியிருக்கும், ஒரு மாத வேலை. இப்போது ஒரு பிட். அதற்கு ஒரு பெயர். பெட்டி அனுப்பப்போகும் இலக்கமும், படகில் பூட்டும்போது நாங்கள் தனிச் சிப் ஒன்றில் அழிக்க முடியாதபடி பதித்திருக்கும் இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கொடி ஏறும். அது மற்றக் கொடிகளோடு எப்படிச் சேர்ந்தாலும் சரியாக ஏறுகிறதா, தனியாக இறங்குகிறதா என்று ஒவ்வொரு சேர்க்கையாக ஓட்டிப் பார்த்தேன். மிஸ் பக்கத்தில் நின்று என்னை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரீட்டா பெட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, வேண்டுமென்றே பெட்டிக்குப் பிழையான இலக்கம் கொடுத்தேன். பட்டறைத் திரையில் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி வந்து நின்றது.

ரீட்டா எழுந்து திரைக்குக் கிட்டப் போனார்.

"இதுதான் நானா. அண்டைக்கு இது இருந்திருந்தா, ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டாங்க."

சரியான இலக்கத்தைத் திரும்பக் கொடுத்தேன். கேள்விக்குறி மட்டும் போனது. பெட்டியை நாங்களே கொண்டு வந்து பூட்டுகிறோம் என்று மிஸ் சொன்னார். வேண்டாம், நாளை விடிய சேவியர் கடலுக்குப் போகிறார், இன்றைக்கே பூட்ட வேண்டும், கழற்றியவரே பூட்டட்டும் என்றார் ரீட்டா. சொப்பிங் பேக்கை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சந்தியில் கற்பிட்டி பஸ் வந்து நின்றபோது, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார்.